பானைக்கு மேலே ஒரு மேடு

அந்த ஊற்றுக்குப் போகும் வழி என் கால்களுக்கு இன்னும் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறங்கி, இரண்டு கடுக்காய் மரங்களைத் தாண்டி, வழுக்குப் பாறையில் பக்கவாட்டாக நடந்து, ஒரு திருப்பம் திரும்ப வேண்டும். திருப்பத்துக்கு இந்தப் பக்கம் வரை சேவல் கூவும், ஆட்டு மணி கேட்கும், யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் போனதும் எல்லாம் நின்றுவிடும். பாறை இடுக்கில் நீர் கசிந்து இறங்கும் சத்தம் மட்டும் இருக்கும். பங்குனியில் அதுவும் காது கொடுத்தால்தான் கேட்கும்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஜவ்வாது மலையில் இருந்தோம். என் கணவர் அங்கே பள்ளி ஆசிரியர். நான் கிராம சேவிகா. ஆனால் ஊரில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. வாத்தியார் மனைவி என்பதால் வாத்தியாரம்மா. எனக்குப் பிறந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பள்ளிப் படிப்பு, சேவிகா பயிற்சி, கல்யாணம், அப்புறம் மலை. மகளுக்கு அப்போது ஒரு வயது முடிந்திருந்தது. அவள் சரியாகத் தூங்கமாட்டாள். அதனால் அந்த நாட்களின் காலைகளையெல்லாம் நான் பாதித் தூக்கத்தில்தான் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே மூட்டம் நகரும். மரங்கள்தான் நடக்கின்றன என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். எது நடந்தது, எது நடந்ததாக எனக்குத் தோன்றியது என்று இப்போதும் சில இடங்களில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குழந்தைக்குத் தண்ணீர் காய்ச்சுவது எனக்குப் பெரிய வேலை. கொதித்ததா, கொதித்தது போலத் தெரிந்ததா என்ற சந்தேகம் வந்துவிடும். ஆறிய தண்ணீரை மறுபடி அடுப்பில் வைப்பேன். “இன்னும் எத்தன தடவ காய்ச்சுவ? கடைசியில வெறும் பாத்திரந்தான் மிஞ்சும்” என்பார் கணவர். அவள் இன்னும் ஒரு சொல் கூடப் பேசவில்லை என்பது அடுத்த கவலை. என் அக்கா பிள்ளைகள் பத்து மாதத்திலேயே அம்மா என்றார்கள். இவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் ஊர் முழுவதும் குடித்தது, நாங்களும். கோடையில் அது சுருங்கிவிடும். ஒரு பானை நிறையும் நேரத்தில் ஒரு சமையல் முடித்துவிடலாம். சித்திரையில் சுத்தமாக நின்றுபோகும். பிறகு வைகாசி மழை வரும் வரை பெண்கள் மலைச் சரிவில் கீழே ஓடை வரை இறங்கி, மணலைத் தோண்டி, தண்ணீர் ஊறக் காத்திருந்து, மேலே சுமந்து ஏற வேண்டும்.

அடிவாரத்தில் இருந்த எங்கள் துறை அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை இதுதான். ஊற்றுக்கு நேர் மேலே ஒரு சரிவு இருந்தது. அதை மூன்று வருடம் சும்மா விடும்படி ஊர்ப் பெண்களிடம் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும். கொத்தி விதைக்கக் கூடாது. ஆடு ஏறக் கூடாது. குறுக்கே கல் வரப்புகள் போட்டு, கன்று நட்டால், பெய்கிற மழை சேறாக ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கும். இறங்கியது மெல்ல மெல்ல ஊற்றில் வந்து சேரும். பெண்கள் சரி என்றால் வரப்பு போட ஆட்களும் கன்றுகளும் ஆடிக்கு முன்னால் வரும். இல்லை என்றால் அவை வேறு ஊருக்குப் போகும்.

அந்தச் சரிவு ஒரே வீட்டுக்காரர்களுடையது. என் வயதுப் பெண் ஒருத்தி அதைக் கொத்திச் சாமை விதைத்து வந்தாள். அவளுக்கும் இடுப்பில் ஒரு பிள்ளை. கணவன் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் ஆடியில்தான் திரும்புவான். அந்த மேட்டில் விளைவதுதான் அவர்களுக்கு வருடச் சோறு. அவள் சோற்றைத்தான் நான் விடச் சொல்லப்போகிறேன் என்பது முதல் நாளிலிருந்தே என் நெஞ்சில் உறுத்தியது.

பெண்கள் கூடுகிற இடத்துக்குப் போய்ப் பேசுங்கள் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். பெண்கள் கூடுகிற இடம் ஊற்றடிதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, படம் வரைந்த நான்கு அட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பங்குனியில் ஒரு நாள் விடிந்ததும் போனேன். ஏழெட்டுப் பெண்கள் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிளையில் கட்டித் தொங்கிய சுரைக்குடுக்கையால் ஒருத்தி நீரை மொண்டு பானையில் ஊற்றினாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பேசினேன். முதல் அட்டையில் மொட்டை மேடும் ஆடும். இரண்டாவதில் மழையும் சேறும். மூன்றாவதில் கல் வரப்பும் மரமும். நான்காவதில் நிறைந்த குடத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். “யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?” என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவும் இல்லை. என் மகள்கூட அன்று சிணுங்கவில்லை.

அந்த மௌனம் என்னால் வந்தது என்று நினைத்தேன். மறுநாள் செருப்பைத் திருப்பத்திலேயே கழற்றிவிட்டுப் போனேன். அதற்கு மறுநாள் குரலைத் தாழ்த்திப் பார்த்தேன். பிறகு உயர்த்திப் பார்த்தேன். என் பேச்சு புத்தகம் மாதிரி இருக்கிறதோ என்று பேச்சை மாற்றினேன். வேதக்காரி சொல்லி நாம் கேட்பதா என்று நினைக்கிறார்களோ என்று ஒரு நாள் முழுவதும் குழம்பினேன். கனவில் நாம் கத்துவோம், சத்தம் வராது, எதிரில் இருப்பவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அந்தக் கனவுக்குள் தினமும் விடிகாலையில் எழுந்து நடந்து போய்வந்தேன். தண்ணீர் சொட்டும். குடுக்கை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும். நான் பேசிக்கொண்டே இருப்பேன்.

பதினோரு நாள் அப்படிப் போனது. மாதக் கடைசியில் அலுவலக ஜீப் வந்தபோது அறிக்கையைக் கொடுத்தேன். ‘பதினோரு நாட்கள் தொடர்ந்து எடுத்துரைத்தும் பெண்கள் எக்கருத்தும் தெரிவிக்கவில்லை. சம்மதம் கிடைக்கவில்லை.’ இரண்டு முறை நகல் எடுத்துத் திருத்தமாக எழுதியிருந்தேன். அதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. பின்னால் என்னை அதிகம் வருத்தியது அதுதான்.

வைகாசி பிறந்தது. எதிர் மலைகளில் புகை எழுந்தது. காட்டைச் செதுக்கி, எரித்து, கொத்துகிற காலம். ஒரு மத்தியானம், சரிவுக்குச் சொந்தக்காரியான அந்த மேட்டுக்காரி தன் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தேக்கிலையில் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். இரண்டு குழந்தைகளையும் தரையில் விட்டுவிட்டு உட்கார்ந்தோம்.

“எங்கூட்டு மேட்டப் பாத்தீங்களா, வாத்தியாரம்மா?”

“இல்லையே. ஏன்?”

“இன்னா ஏன்னு கேக்கறீங்க? சும்மா வுட்டுட்டேன். கொத்தவேயில்ல. நீங்கதான சொன்னீங்க?”

சுளை என் கையிலேயே இருந்தது. “நான் சொன்னப்ப ஒருத்தரும் வாயே தொறக்கலையே!”

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “ஊத்தாண்ட யாருனா பேசுவாங்களா?”

“ஏன்?”

“அங்க கன்னிமாருங்க தூங்கறாங்க. சத்தம் கேட்டா எழுந்து போய்டுவாங்க. அவங்க போனா தண்ணியும் கூடவே பூடும். நாங்க பொறந்ததுல இருந்து அங்க ஒருத்தரும் பேசனது இல்ல. நீங்கதான் மொதல்ல.”

“அத என்கிட்ட ஒருத்தர் சொல்லக் கூடாதா?”

“எப்டிச் சொல்றது? பேசக்கூடாதுன்னு சொல்றதுக்கும் பேசணுமே!” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மொதல்ல நீங்க ஊத்துக்கு வேதம் படிக்கறீங்கன்னு நெனச்சோம். உங்க சாமிக்கும் கன்னிமாருக்கும் ஏதோ பேச்சு நடக்குது, நமக்கின்னான்னு வுட்டுட்டோம். அப்புறந்தான் படத்துல ஆட்டப் பாத்தோம். அட, இது நம்ம மேட்டுக் கதன்னு அப்பதான் தெரிஞ்சுது.”

“மத்தவங்க இன்னா சொன்னாங்க?”

“எல்லாரும் ஒத்துக்கினாங்க. ஊர்ப் பெரியவரு நாட்டாரு கூட, தண்ணி பொம்பளைங்க சமாச்சாரம், நீங்களே பாத்துக்குங்கன்னுட்டாரு. வரப்பு போடற ஆளுங்க எப்ப வருவாங்க?”

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “வருவாங்க” என்றேன். அவள் போன பிறகு வாசலில் நின்று மேட்டைப் பார்த்தேன். சுற்றிலும் எரிந்து கறுத்த சரிவுகள்; நடுவில் அது மட்டும் பழைய தாள் நிறத்தில், புல்லும் புதருமாக, யாரோ பேசி முடிக்கக் காத்திருப்பது போல இருந்தது. என் பேச்சை ஒருத்தி கேட்டு, அவள் வீட்டுச் சோற்றை விட்டிருக்கிறாள். நானோ சம்மதம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் கீழே போனேன். அலுவலகத்தில் என் அறிக்கையை எடுத்து என் முன்னாலேயே வைத்தார் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை.

“நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க? முத்து முத்தா இருக்குது கையெழுத்து. இத நம்பித்தான் ஆளுங்கள வேற ஊருக்கு அனுப்பிட்டோம்.”

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் சார். அவங்க சம்மதிச்சுட்டாங்க.”

“சந்தோசம். அடுத்த வருசம் பாக்கலாம்.”

“இந்த வருசமே மேட்ட சும்மா வுட்டுட்டாங்க சார்.”

அவர் விசிறியைப் பார்த்தார். சுவரில் ஒரு ஆணியில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் சுருளாகத் தொங்கியது. கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அது. பயிற்சியில் ஒரே ஒரு முறை காட்டியிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “அதையாவது குடுங்க சார்” என்றேன்.

“அத வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?”

“மட்டம் பாக்கணும்.”

“கையெழுத்துப் போட்டு எடுத்துக்குங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருதே.”

மலை ஏறும்போது மகள் குழாயின் நுனியைக் கடித்துக்கொண்டே வந்தாள். அழுக்கு என்று பிடுங்கினேன். அழுதாள், கொடுத்துவிட்டேன். வண்டி வளைவுக்கு வளைவு திரும்பத் திரும்ப, கீழே என் பிறந்த வீட்டுப் பக்கத்து நிலக்கடலைக் கொல்லைகள் ஒரு முறை வலப்பக்கம் வந்தன, ஒரு முறை இடப்பக்கம். அப்படியே இறங்கி அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றாமல் இல்லை. மூட்டம் வந்து கொல்லைகளை மூடியது. அதன் பிறகு திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை.

இந்த முறை எங்கே பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு நடுவே ஒரு தட்டைப் பாறை. அதில்தான் பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். ஊற்றடியில் பார்த்த அதே பெண்கள்தான். ஆனால் அங்கே போனபோது காது அடைத்துவிட்டது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேச, மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை குரல்களை வைத்துக்கொண்டா பதினோரு நாள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று மலைத்துப்போனேன்.

சொன்னேன். அறிக்கையில் எழுதியதை அப்படியே சொன்னேன். ஆட்கள் வரமாட்டார்கள், கன்றும் வராது என்றேன். மேட்டுக்காரியின் பக்கம் திரும்பி, “அன்னிக்கு வருவாங்கன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

எல்லாச் சத்தமும் நின்றது. இந்த மௌனம் என்னால் வந்ததுதான். சந்தேகமே இல்லை.

பருத்த உடம்பும் கனத்த குரலுமாக ஒரு பெண் இருந்தாள். ஊரில் எந்தப் பேச்சையும் தொடங்கி வைப்பவள் அவள்தான். கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். “அப்ப, நாங்க பேசாம இருந்தத நீ எழுதிக் குடுத்துட்ட.”

“ஆமா.”

“பேசாததுக்கே இவ்ளோ எழுதற ஆளு, இங்க ஒக்காந்து நாங்க பேசறதக் கேட்டா எத்தன நோட்டு வாங்கணும்!”

பாறையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. புளியைத் தட்டிக்கொண்டே, “ஆடில அவரு வந்து மேட்டப் பாப்பாரு. எங்கடி சாமன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்றது?” என்றாள்.

சிரிப்பு அடங்கியது. பருத்தவள், “உங்கூட்டு மேட்டுல பேயற மழ எங்கூட்டுப் பானையில வந்து வுழுதுன்னு இந்தம்மா படம் காட்டிச்சா, இல்லியா?” என்றாள். “அப்படின்னா உங்கூட்டுப் பானைக்கு நாங்கதான் போடணும். அறுப்பு ஆனதும் வூட்டுக்கு ஒரு மொறம் சாம. இன்னாடி சொல்றீங்க?”

“போட்டாப் போச்சு” என்றது ஒரு குரல். “எம் மாமியா மொறத்துலயா, எம் மொறத்துலயா? மாமியாது பெருசு!” என்றது இன்னொன்று.

“கல்லு?” என்று கேட்டேன்.

“கல்ல இன்னா கவருமெண்டா கொண்டாந்து மலையில போட்டுச்சு? கெடக்குது. பொறுக்கி வெப்போம்.”

“இந்த வருசம் போடுவீங்க” என்றாள் மேட்டுக்காரி. “அடுத்த வருசம்?”

“அத ஊத்து சொல்லட்டும். சித்திரையில தண்ணி நின்னுச்சுன்னா நீ மேட்டக் கொத்திக்கோ. ஒருத்தியும் ஒண்ணும் கேக்கமாட்டோம்.”

அப்படித்தான் முடிவானது. சித்திரை வரைக்கும் எனக்குத் தூக்கம் போய்விட்டது என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.

மறுநாளிலிருந்து தண்ணீர் எடுத்து முடித்ததும் எல்லோரும் மேட்டுக்கு ஏறினோம். குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை மேட்டுக்காரி ஒரு கழியோடு சேர்த்துப் பிடித்தாள். மறுநுனியை நான் இன்னொரு கழியில் பிடித்தேன். குழாய்க்குள் தண்ணீர் ஏறும், இறங்கும், தயங்கும். கண்ணுக்கு மேடாகத் தெரிந்த இடம் பள்ளமாக இருந்தது. பள்ளம் என்று நினைத்த இடம் சமமாக இருந்தது. இரண்டு நுனியிலும் நீர் ஒரே உயரத்தில் நின்றதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைப்போம். அங்கே ஒரு கல் விழும். அப்படியே கல் கல்லாக ஒரு கோடு, மலையின் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டியது போல வளைந்து போகும். “இந்தத் தண்ணிக்கு வாயில்லையே ஒழிய எல்லாம் தெரியுது” என்றாள் மேட்டுக்காரி. ஊற்றுக்கு நேர் மேலே கல் வைக்கும்போது மட்டும் பேச்சு தானாக நின்றுவிடும். பத்தடி நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

ஜெபம் செய்கிறவள் கன்னிமாருக்காக வாயை மூடிக்கொள்ளலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. சர்ச்சிலும்தான் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியான பதில்தானா என்று இன்னும் தெரியாது.

இரண்டு குழந்தைகளும் புல்லில் உட்கார்ந்து நாங்கள் கல் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் என் மகள் கையை நீட்டி, “கல்லு” என்றாள். அவள் பேசிய முதல் சொல் அது. ‘அம்மா’ அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது.

ஆடியில் மேட்டுக்காரியின் கணவன் வந்தான். மேட்டில் ஏறி, ஒவ்வொரு வரப்பாக நடந்தான். நாங்கள் கீழே நின்று பார்த்தோம். ஓரிடத்தில் காலால் ஒரு கல்லை உதைத்தான், அது உருண்டது. அவன் குனிந்து, அந்தக் கல்லை எடுத்துத் திருப்பி, அகலமான பக்கம் மண்ணில் படியும்படி வைத்து அழுத்திவிட்டு இறங்கி வந்தான்.

மழை பெய்தது. ஒவ்வொரு மழைக்கும் எழுந்து ஜன்னலில் நின்றேன். வரப்பு உடைந்திருக்குமோ, கல் உருண்டு யார் வீட்டிலாவது விழுந்திருக்குமோ. விடிந்து போய்ப் பார்த்தால் கல்லுக்கு மேல்புறம் மண்ணும் சருகும் படிந்து ஈரமாக இருக்கும். அறுப்பு முடிந்தது. பாறையில் முறம் முறமாகச் சாமை வந்து மேட்டுக்காரி வீட்டுக்குப் போனது. மாமியார் முறமும் வந்தது. தையும் மாசியும் போயின. பங்குனியில் ஊற்று வழக்கம்போலச் சுருங்கியது. வழக்கத்தைவிடக் குறைவாகச் சுருங்கியதா? அப்படித் தோன்றியது, ஆசைப்படுகிற கண்ணை நம்பலாமா?

சித்திரை பிறந்து இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. போன வருடம் அதே நாட்களில் நாங்கள் ஓடை மணலைத் தோண்டிக்கொண்டிருந்தோம். மகள் கடுக்காய் மரங்கள் வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். திருப்பம் வந்ததும் தன் பேச்சை நிறுத்தினாள். பிறகு, என்மேல் நம்பிக்கையில்லாதவள் போல, குட்டிக் கையால் என் வாயையும் பொத்தினாள்.

பாறை இடுக்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நூல் போலத்தான், ஆனால் அறுபடாத நூல். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குடுக்கை மேட்டுக்காரியின் கையில் இருந்தது. அவள் மொண்டு, தன் பானைக்கு ஊற்றாமல், எட்டி என் பானையில் ஊற்றினாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு தன்னுடையதில் ஊற்றினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. கல் வரப்பினாலா, அந்த வருடம் மழை நன்றாக இருந்ததாலா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதையும் அங்கே கேட்க முடியாது.

பானைகளோடு ஏறினோம். திருப்பம் தாண்டியதும் அவள் நின்று, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“இன்னா வாத்தியாரம்மா, இப்ப எழுதலாமே?”

“இன்னான்னு எழுத?”

“இந்த வருசமும் மேடு சும்மா கெடக்கும்னு எழுதுங்க. வாயால சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க. அப்புறம் சொல்லலன்னு எழுதிடாதீங்க.”

நாங்கள் திருப்பத்தைத் தாண்டித்தான் நின்றிருந்தோம். இருந்தாலும் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகுதான், “சரி” என்றேன்.